தங்க லாடம் அடித்த ஊர் தெரியுமா?

குதிரைக்கு இரும்பில் லாடம் அடிப்பார்கள். தங்கத்தில் லாடம் அடித்து, அந்தக் குதிரையைத் தெருவில் நடக்க விட்ட ஊர் ஒன்று இருக்கிறது, தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து வடகிழக்கே சுமார் 280 கிலோமீட்டர் போனால் மலைச்சரிவில் பீச்வொர்த் என்ற சிற்றூர் வரும். 1855-இல் அங்கே தேர்தல். முந்தின வருடம்தான் பல்லராட்டில் யுரேகா கலவரம். லைசென்ஸ் கட்டணக் கொடுமையை எதிர்த்துத் தங்கம் தோண்டுகிறவர்கள் துப்பாக்கி தூக்கினார்கள், உயிரை விட்டார்கள். அதற்குப் பலனாகக் கிடைத்தது ஓட்டுரிமை. தங்கள் ஆள் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்ப அவர்களுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது, சும்மா விடுவார்களா? டேனியல் கேமரன் என்பவரை வேட்பாளராக நிறுத்தினார்கள். கையில் காசு புரண்ட ஒரு சுரங்கக்காரர் தங்கத்தில் லாடம் செய்து குதிரைக்கு அடித்தார். கேமரனை அதில் ஏற்றி ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். கேமரன் ஜெயித்தார்! அந்தக் கூத்தின் நினைவாக ஈஸ்டர் தோறும் ‘தங்க லாடத் திருவிழா’ இன்றைக்கும் நடக்கிறது.

இப்படிக் கொழித்த ஊர் இன்று எவ்வளவு பெரிய நகரமாகியிருக்க வேண்டும்? மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம்! ஃபோர்டு தெருவும் கேம்ப் தெருவும் சந்திக்கும் முனையில் நின்றால் தபால் நிலையத்து மணிக்கூண்டு தெரியும். சுற்றிலும் இரும்புப் பூவேலை செய்த தாழ்வாரங்கள், தேன் நிறக் கிரானைட்டில் கட்டிய கோர்ட், ஜெயில், தந்தி ஆபீஸ். பெரும்பாலானவை 1850-களிலும் 60-களிலும் எழும்பியவை. பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கட்டடங்கள் மட்டும் முப்பதுக்கு மேல். சினிமா செட் போட்டது போலிருக்கும், ஆனால் அத்தனையும் அசல்.

எப்படித் தப்பித்தது இந்த ஊர்? அங்கேதான் வேடிக்கை. தங்கம் கட்டிய ஊரைக் காப்பாற்றியது தங்கம் இல்லை. ஜெயிலும் மனநோய் மருத்துவமனையும்!

1852 பிப்ரவரியில், டேவிட் ரீட் என்பவரின் ஆட்டுப்பண்ணை நிலத்தில் ஓடிய ஸ்பிரிங் க்ரீக் ஓடையில் தங்கம் அகப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் குவிந்தார்கள். அதுவரை மே டே ஹில்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு 1853-இல் சர்வேயர் வந்து, கயிறு பிடித்துத் தெரு போட்டு, இங்கிலாந்தில் இருக்கும் தன் சொந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டுப் போனார். அதிகாரிகள் வந்தார்கள், வங்கிகள் வந்தன. பிறகு ஓடைத் தங்கம் குறையத் தொடங்கியது. அடுத்த அடி ரயில். 1873-இல் மெல்பர்னிலிருந்து வடக்கே போட்ட முக்கிய ரயில் பாதை மலையேறாமல், கீழே வாங்கரட்டா வழியாகவே போய்விட்டது. பீச்வொர்த்துக்குக் கிடைத்ததெல்லாம் 1876-இல் ஒரு கிளைப் பாதை.

தங்கம் தீர்ந்து, ரயிலும் கைவிட்ட ஊர்கள் ஆஸ்திரேலியாவில் எத்தனையோ உண்டு. அவற்றில் பல இன்று வெறும் புல்வெளி. பீச்வொர்த்தில் மட்டும் சர்க்கார் சம்பளம் நிற்கவே இல்லை. ஜெயில் 2004 வரை ஓடியது. 1867-இல் திறந்த மனநோய் மருத்துவமனை 1990-கள் வரை ஓடியது. வார்டர், நர்ஸ், சமையல்காரர், தோட்டக்காரர் என்று ஊரில் வீட்டுக்கு வீடு வேலை. மாதச் சம்பளம் ஊரைச் சாகவிடவில்லை. அதே சமயம், பழைய கட்டடத்தை இடித்துப் புதுசு கட்டுகிற அளவுக்குப் பெரிய பணமும் யாரிடமும் சேரவில்லை. ஊர் அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து, வளராமல் போனதால் இவ்வளவு லாபம் பார்த்த ஊர் வேறு இல்லை!

சுவர் எப்படிச் சிரிக்கும், தெரியுமா?

மே டே ஹில்ஸ் என்ற பழைய பெயரை வாங்கிக்கொண்டது அந்த மனநோய் மருத்துவமனைதான். குன்றின் மேல் தனி ஊர் மாதிரி நிற்கும். அறுபதுக்கு மேற்பட்ட கட்டடங்கள், சொந்தப் பண்ணை, பழத்தோட்டம். உச்சத்தில் இருந்தபோது 1,200 நோயாளிகள். ஊரின் இன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

அதன் மதில்தான் விசித்திரம். வெளியே தெருவில் நின்று பார்த்தால் குட்டையான சுவர். தோட்டம் தெரியும், மரம் தெரியும், ‘அடடா, எவ்வளவு திறந்த மனதோடு வைத்திருக்கிறார்கள்’ என்று தோன்றும். உள்ளே போய் அதே சுவர்ப் பக்கம் நடந்தால் தரை சரிந்துகொண்டே பள்ளத்தில் இறங்கும். பள்ளத்தின் அடியில் நின்று நிமிர்ந்தால் அதே சுவர் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். ஏறவும் முடியாது, தாவவும் முடியாது. பார்க்கிறவன் கண்ணுக்குச் சிறை இல்லை, இருக்கிறவனுக்குச் சிறை! ஹா-ஹா சுவர் என்று இதற்குப் பெயர். பிரபுக்களின் தோட்டங்களில் ஆடுமாடு உள்ளே வராமலிருக்கக் கண்டுபிடித்த உத்தி. அதை மனிதர்களுக்குப் பொருத்தினார்கள்.

உள்ளே தள்ள இரண்டு கையெழுத்து போதும், வெளியே வர எட்டு வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது ராத்திரியில் டார்ச் கொடுத்துப் பேய் சுற்றுலா நடத்துகிறார்கள். பேய் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்தச் சுவரே போதும்.

ஒட்டகத்துக்கு ரம், இன்ஸ்பெக்டருக்குப் பாலைவனம்!

ராபர்ட் ஓ’ஹாரா பர்க். ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பெயர். கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் புறப்பட்டு, திரும்பும் வழியில் மடிந்த ‘பர்க் – வில்ஸ்’ பயணத்தின் தலைவர். அதற்கு முன் அவர் எங்கே வேலை பார்த்தார்? 1854 முதல் 1858 வரை பீச்வொர்த்தில் போலீஸ் அதிகாரி!

அயர்லாந்தில் பிறந்து ஆஸ்திரிய ராணுவக் குதிரைப்படையில் இருந்தவர். ஸ்டேஷனுக்குப் பின்னால் திறந்தவெளித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தலையில் போலீஸ் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து புத்தகம் படிப்பாராம். மதுக்கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் வழி தவறிவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு கேலியும் உண்டு. ஊருக்கு நாடகம் போட வந்த இளம் நடிகை ஜூலியா மேத்யூஸைப் பார்த்துக் காதலில் விழுந்ததும் இங்கேதான். அந்தக் காதல் கடைசிவரை கைகூடவில்லை.

வழி தவறுபவர் என்று பெயரெடுத்தவரைத்தான் வரைபடமே இல்லாத பாலைவனத்துக்கு அனுப்பினார்கள்! 1860 ஆகஸ்ட் 20, மெல்பர்ன். 19 ஆட்கள், 26 ஒட்டகங்கள், 23 குதிரைகள், சுமார் 20 டன் சாமான். சாமான் என்றால் என்னென்ன தெரியுமா? சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், வாணங்கள், சீனத்துச் சேகண்டி! ஒட்டகங்களுக்கு ஸ்கர்வி நோய் வராமலிருக்க 270 லிட்டர் ரம்! நம்புங்கள், ஒட்டகங்களுக்கு.

ஒட்டகங்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்தவை. கூடவே ஒட்டகக்காரர்களும் வந்தார்கள். அவர்களில் சம்லா என்ற இந்து ஒருவர். உப்புப்போட்ட மாட்டிறைச்சிதான் வழிச் சாப்பாடு என்றானதும் அவரால் சாப்பிட முடியவில்லை. கிளம்பிய சில நாட்களிலேயே கண் கலங்கி விடைபெற்றுத் திரும்பிவிட்டார். அந்தப் பயணத்தில் ஏழு பேர் செத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். விரதம் உயிரைக் காத்த கதை.

பர்க்கும் வில்ஸும் வடகடல் ஓரம் வரை போய்விட்டுக் கூப்பர் க்ரீக் முகாமுக்குத் திரும்பிய நாள் 1861 ஏப்ரல் 21, சாயங்காலம். நான்கு மாதமாகக் காத்திருந்த கூட்டாளிகள் அன்று காலையில்தான் முகாமைக் காலி செய்திருந்தார்கள்! ஒன்பது மணி நேரம் தப்பியது.

பிறகு அவர்கள் உயிர் பிழைக்கச் சாப்பிட்டது ‘நார்டூ’. அது என்ன செடி? நம் வயல்களிலும் குளத்தோரங்களிலும் நான்கு இலையோடு முளைக்குமே ஆரைக்கீரை, அதற்கு மிக நெருங்கிய உறவு! அங்கிருந்த யாண்ட்ருவாண்டா பழங்குடியினர் அதன் வித்துறைகளை வறுத்து, அரைத்து, தண்ணீரில் அலசிப் பக்குவம் செய்து தின்றார்கள். வந்தவர்கள் பக்குவம் தெரியாமல் தின்றார்கள். உடம்பிலிருந்த பி1 வைட்டமினை அது அழித்துவிட்டது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். வயிறு நிறைந்தபடியே செத்துப்போவது என்றால் இதுதான். கூட வந்தவர்களில், அந்தப் பழங்குடி மக்களோடு ஒட்டிக்கொண்ட ஜான் கிங் ஒருவர்தான் மிஞ்சினார்.

செய்தி வந்ததும் பீச்வொர்த் தன் பழைய இன்ஸ்பெக்டருக்கு நினைவுச்சின்னமாகத் தன் அருங்காட்சியகத்துக்கே பர்க் பெயரை வைத்தது. ஆஸ்திரேலியாவின் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று அது. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே முதுகில் வரிவரியாகக் கோடு போட்ட, நாய் மாதிரி ஒரு பிராணி பதம் செய்து நிற்கும். தைலசீன். டாஸ்மேனியப் புலி! மனிதர்கள் வளர்த்த கடைசித் தைலசீன் 1936 செப்டம்பரில் ஹோபர்ட் மிருகக்காட்சி சாலையில் செத்தது. அத்தோடு இனமே முடிந்தது.

இதற்கு மேல் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பீச்வொர்த்திலிருந்து கொஞ்ச தூரத்தில், மவுண்ட் பைலட் மலைப்பக்கம் யெடொன்பா என்ற இடம். துதுரோவா பழங்குடியினரின் பாறை ஓவியங்கள் அங்கே உண்டு. அதில் ஒன்று இதே பிராணி என்கிறார்கள்! டாஸ்மேனியத் தீவைத் தவிர்த்துப் பெருநிலப்பரப்பில் தைலசீன் அழிந்து ஆயிரக்கணக்கான வருடமாகிறது. அப்படியானால் அந்தப் பாறையில் கோடு போட்ட கை எந்தக் காலத்துக் கை? 170 வருடக் கட்டடத்தைப் பார்த்துப் ‘பழமை, பழமை’ என்று வாய் பிளக்கும் நாம், காரை எடுத்துக்கொண்டு அந்தப் பாறையைப் போய்ப் பார்ப்பது நல்லது.

அம்மாவுக்குத் தண்டனை, மகனுக்குத் தூக்கு, நீதிபதிக்கு?

நெட் கெல்லி. கொள்ளைக்காரனா, ஏழைகளின் வீரனா என்று ஆஸ்திரேலியர்கள் இன்னமும் அடித்துக்கொள்ளும் பெயர். இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு போலீஸோடு சுட்டுச் சண்டை போட்டவர். கவசத்தின் எடை 40 கிலோவுக்கு மேல்! அவர் வாழ்க்கையின் திருப்பங்கள் பல, இந்த ஒரே ஊரின் கோர்ட், ஜெயில், கொல்லைப்புறத்தில் நடந்திருக்கின்றன.

1870-இல் மீசை அரும்பாத பையனாக முதலில் உள்ளே வந்தார். தெருத்தெருவாகச் சாமான் விற்கும் வியாபாரி ஒருவரோடு கைகலப்பு, அவர் மனைவிக்கு ஆபாசக் கடிதம். ஆறு மாதம். வெளியே வந்த சூட்டோடு 1871-இல் மறுபடி. ‘வைல்டு’ ரைட் என்று பேர்போன முரடன் ஐசையா ரைட், ஒரு பெண் குதிரையை ஓட்டி வந்து கெல்லியிடம் விட்டான். அது திருட்டுக் குதிரை. ஓட்டி வந்த ரைட்டுக்குப் பதினெட்டு மாதம், வாங்கி வைத்திருந்த கெல்லிக்கு மூன்று வருடம்! இது எந்த ஊர் நியாயம்?

கெல்லி மறக்கவில்லை. 1874-இல் வெளியே வந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 8, பீச்வொர்த்தில் இம்பீரியல் ஓட்டலுக்குப் பின்னால், கையுறை இல்லாமல் வெறும் முஷ்டிச் சண்டை. எதிராளி அதே ரைட். இருபது சுற்று! கெல்லி ஜெயித்தார். அரைக்கால் சட்டையோடு முஷ்டி மடக்கி நிற்கும் கெல்லியின் புகழ்பெற்ற போட்டோவைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த வெற்றியைக் கொண்டாட எடுத்தது.

1878 அக்டோபர். கெல்லியின் அம்மா எல்லென், கைக்குழந்தையோடு பீச்வொர்த் கோர்ட்டில். போலீஸ்காரர் ஒருவரைக் கொல்ல முயன்றதற்கு உடந்தை என்று வழக்கு. நீதிபதி ரெட்மண்ட் பாரி மூன்று வருடம் கொடுத்தார். அதே மாதக் கடைசியில் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையில் மூன்று போலீஸ்காரர்கள் கெல்லி கூட்டத்தின் குண்டுக்குப் பலி. வேட்டை தொடங்கியது. மறு வருடம், கெல்லிக்கு அனுதாபி என்ற சந்தேகத்திலேயே பலரைப் பிடித்து, விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில் பீச்வொர்த் ஜெயிலில் அடைத்தார்கள். ஊர் யார் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவா வேண்டும்?

இப்போது ஊல்ஷெட் பள்ளத்தாக்கு. ஊருக்கு வெளியே, இன்று சுற்றுலாக்காரர்கள் அருவி பார்க்கப் போகும் பக்கம். கெல்லியின் வலதுகையான ஜோ பர்ன் அங்கே வளர்ந்தவர். சீனத் தொழிலாளிகளோடு பழகி அவர்கள் பேச்சையும் பிடித்துக்கொண்டவர். தன் தரப்பு நியாயத்தைக் கெல்லி சொல்லச் சொல்ல, ‘ஜெரில்டரி கடிதம்’ என்று பேர்பெற்ற கடிதத்தை எழுதியதும் அவர்தான். அவருடைய பள்ளித் தோழன் ஆரன் ஷெரிட் போலீஸிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தான். 1880 ஜூன் 26, ராத்திரி. அக்கம்பக்கத்து ஜெர்மானியர் ஒருவரின் கையில் விலங்கு மாட்டி இழுத்து வந்து, ‘வழி தவறிவிட்டேன்’ என்று அவரைக் கொண்டே குரல் கொடுக்க வைத்தார்கள். கதவு திறந்தது. பர்ன் சுட்டார். நண்பன் வாசலிலேயே விழுந்தான்.

அப்போது குடிசைக்குள் யார் இருந்தார்கள் தெரியுமா? ஷெரிட்டைக் காப்பாற்ற வந்த நான்கு போலீஸ்காரர்கள்! படுக்கையறையை விட்டு ஒருவரும் வெளியே வரவில்லை. விடிந்த பிறகும் வர பயம். கொலைச் செய்தி பீச்வொர்த்துக்கு வந்து சேரவே மறுநாள் ஆகிவிட்டது.

கோழைத்தனம் சரித்திரத்தையே மாற்றியது இங்கேதான். செய்தி உடனே போகும், போலீஸ் ஸ்பெஷல் ரயிலில் ஓடிவரும், கிளென்ரோவனில் தண்டவாளத்தைப் பெயர்த்து ரயிலைக் கவிழ்க்கலாம் என்பது கெல்லியின் கணக்கு. ரயில் வரவில்லை. பிணைக்கைதிகளோடு ஓட்டலில் காத்துக் காத்துத் தூக்கம் கெட்டது. அந்தத் தாமதத்தில் தாமஸ் கர்னோ என்ற பள்ளி வாத்தியார் நழுவிப் போய், சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்து ரயிலை நிறுத்திவிட்டார். ஜூன் 28 விடியலில் கவசத்தோடு வெளியே வந்த கெல்லியைக் கவசம் மறைக்காத காலில் சுட்டுச் சாய்த்தார்கள்.

ஆகஸ்டில் பீச்வொர்த் கோர்ட்டில் முதற்கட்ட விசாரணை. கெல்லி நின்ற கூண்டு இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். உள்ளூர் ஜூரிகளை நம்ப முடியாது என்று வழக்கை மெல்பர்னுக்கு மாற்றினார்கள். அங்கே நீதிபதி யார்? அதே ரெட்மண்ட் பாரி! தூக்கு என்று தீர்ப்பு சொன்னதும், மேலுலகில் சந்திப்போம் என்ற பொருளில் கெல்லி பதில் கொடுத்தார். 1880 நவம்பர் 11 தூக்கு. அதே ஜெயிலில் எல்லென் கைதியாக இருந்தார். சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 23, நீதிபதி பாரி செத்துப்போனார்!

இன்னும் முடியவில்லை. விக்டோரியா மாநில நூலகம் உருவாகப் பாடுபட்டவர் இந்தப் பாரி. நூலக வாசலில் அவருக்குச் சிலை. உள்ளே காட்சிக்கு வைத்திருப்பது எதை? நெட் கெல்லியின் கவசத்தை!

இரண்டாயிரம் சீனர்கள் உறங்கும் மேடு

கெல்லி கதைக்கு டிக்கெட் வாங்கும் கூட்டம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதில்லை. போகவேண்டும். அங்கே சீனர் பகுதியில் 1857-இல் எழுப்பிய இரட்டைக் கோபுர அடுப்புகள் நிற்கின்றன. இறந்தவருக்காகக் காகிதப் பிரார்த்தனைகளையும் காகிதப் பணத்தையும் அதற்குள் இட்டு எரிப்பார்கள். புகையாகிப் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. சுற்றிலும் சுமார் 2,000 சீனர்களைப் புதைத்திருக்கிறார்கள்.

இவர்கள் வந்த வழி தெரியுமா? 1855-இல் விக்டோரியா அரசு, துறைமுகத்தில் இறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் பத்து பவுன் தலைவரி போட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரிசையாக நடந்தே தங்க வயல்களுக்கு வந்துவிட்டார்கள்! மற்றவர்கள் உதவாது என்று விட்டுப்போன மண்ணை மறுபடி அலசித் தங்கம் எடுத்தார்கள். அது பொறுக்காமல் 1857 ஜூலை 4 அன்று பக்லேண்ட் ஆற்றோரம் வெள்ளைக்காரக் கூட்டம் சீனர் முகாம்களைக் கொளுத்தி அவர்களை விரட்டியது. அடக்கப் போன போலீஸ் படைக்குத் தலைமை? நம்ம தொட்டிக்குளியல் பர்க்தான். அதற்குப் பிறகும் 1870-களில் ஊர் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் திருவிழாவில் சீனர்கள் பட்டு உடையும் கொடிகளுமாக ஊர்வலம் வந்தார்கள். அடித்து விரட்டிய வட்டாரத்தின் ஆஸ்பத்திரிக்கே காசு. அந்த உடைகளில் சில பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த ஆஸ்பத்திரி என்ன ஆயிற்று? முகப்பு மட்டும் நிற்கிறது! தூண்களும் வளைவுகளுமாகக் கம்பீரமான கல் முகப்பு. வாசலைத் தாண்டிக் காலெடுத்து வைத்தால் பின்னால் வெறும் புல். மற்றதையெல்லாம் இடித்துவிட்டார்கள்.

இன்னும் கேளுங்கள், மூச்சு வாங்காமல் சொல்லிவிடுகிறேன். குடும்பங்கள் படகு விட்டு, பிக்னிக் போடும் சாம்பெல் ஏரி இயற்கை ஏரியே இல்லை. தங்கத்துக்காகச் சுரங்கக் கம்பெனி ஒன்று தண்ணீர் பீய்ச்சி அரித்த பள்ளம்! அந்தக் கம்பெனி தண்ணீரை வடிய வைக்க ஊருக்கு அடியிலேயே கிரானைட்டைக் குடைந்து சுரங்கவழி போட்டது. தங்கம் அலசிய அதே ஓடைகளில் குட்டிக் குட்டி வைரங்களும் அகப்பட்டிருக்கின்றன. பக்கத்து எல்டொராடோவில் 1936 முதல் 1954 வரை தங்கமும் வெள்ளீயமும் வாரிய மிதவை எந்திரம், 2,000 டன்னுக்கு மேல் எடை, வேலை நின்ற குட்டையிலேயே இன்னும் நிற்கிறது. ஏறிச் சுற்றிப் பார்க்கலாம், காசு கிடையாது.

ஆஸ்திரேலியாவில் பிறந்து அந்த நாட்டின் கவர்னர் ஜெனரலான முதல் ஆள் ஐசக் ஐசக்ஸ். யூதத் தையல்காரர் மகன். பள்ளிப் படிப்பு பீச்வொர்த்தில்! 1858-இல் திறந்த தந்தி ஆபீஸில் தன்னார்வலர்கள் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் மோர்ஸ் கட்டையில் ‘கட் கட்’ என்று அடித்து உங்கள் பெயரில் தந்தி விடுவார்கள். இந்தியாவில் 2013 ஜூலையோடு தந்தி நின்றுவிட்டது. ஆசை இருந்தால் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். நூறு வருடம் ஓடி நின்றுபோன கிளை ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். எவர்ட்டனிலிருந்து பீச்வொர்த் வரை ஏற்றம்தான். புத்திசாலிகள் மேலிருந்து கீழே வருவார்கள். தூக்கில் போட்ட கெல்லியை ஊர் எப்படிக் கொண்டாடுகிறது? பேக்கரியில் முட்டையும் பன்றி இறைச்சியும் சீஸும் மேலே வைத்த ‘நெட் கெல்லி பை’ விற்கிறது. சைவர்களுக்கு வேறு ரொட்டி உண்டு, கவலை வேண்டாம்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. மெல்பர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்தில் ரயிலேறி வாங்கரட்டாவில் இறங்கினால் அங்கிருந்து பஸ் உண்டு. ஆனால் யெடொன்பாவுக்கும் எல்டொராடோவுக்கும் கார் இல்லாமல் முடியாது. பகலில் வந்து பகலில் திரும்புகிறவர்கள் பேக்கரியையும் கோர்ட்டையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு ராத்திரி தங்குங்கள். நம் சித்திரையில் அங்கே இலையுதிர் காலம், மேப்பிளும் எல்மும் சிவந்து நிற்கும் ஏப்ரல் பிற்பகுதிதான் நல்ல நேரம். ஈஸ்டர் வாரத்தில் தங்க லாடத் திருவிழா பார்க்க ஆசை என்றால் அறையை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது.